மெழுகுப் பலகையும் மரப்பட்டையும்

ருஷ்யாவின் வடமேற்கிலுள்ள நொவ்கொரோத் நகரின் அருங்காட்சியகம் 1865இல் தோன்றியது. அங்கே கண்ணை முதலிற் கவர்வன திருவுருவ ஓவியங்களே. 15ஆம் நூற்றாண்டு ஓவியமொன்று, 1170இல் நகரை முற்றுகையிட்ட சுஸ்தால் படையைத் தேவமாதாவின் திருவுருவம் முறியடித்த கதையைச் சொல்கிறது. வந்த படையினரும் அதே மாதாவை வணங்கியவர்கள் என்பது வேறு கதை. தீட்டியவன் பெயர் தெரியாது.

நாம் நின்று நோக்க வேண்டியவை மூன்று சிறு பலகைகள். 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மெழுகு பூசிய அவற்றிலே சங்கீதங்களை யாரோ எழுதியுள்ளார். 2000ஆம் ஆண்டில் அகழ்ந்தெடுக்கப்பட்ட இதுவே ருஷ்ய மண்ணிற் கிடைத்த மிகப் பழைய நூல். பொன்னட்டையில்லை, எழுதி அழித்து மீண்டும் எழுதும் ஏடு. எழுத்துப் பயிற்றுவதற்கு உதவியிருக்கலாம் என்பர்.

அவ்வெழுத்து கோயிலோடு நின்றதா? 1951 முதல் அந்நகரின் ஈரமண் விடையளித்து வருகிறது. நம் ஏட்டுச் சுவடிகளைப் போல எழுத்தாணியாற் கீறிய பூர்ச்ச மரப்பட்டைகள் ஆயிரத்துக்கும் மேல் கிடைத்துள்ளன. கடன் கேட்டவர், மணம் பேசியவர், காரியஸ்தனின் கொடுமை தாங்காது நிலப்பிரபுவுக்கு முறையிட்ட குடியானவர் எல்லோரும் அவற்றிற் பேசுகின்றனர். 13ஆம் நூற்றாண்டுச் சிறுவன் ஒன்ஃபிம், சங்கீதச் சொற்களை எழுத முயன்று குழம்புகிறான். அரிச்சுவடியைப் பாதியில் விட்டு, பகைவனை ஈட்டியாற் குத்தும் குதிரைவீரனை வரைந்து, அருகே தன் பெயரைப் பொறித்திருக்கிறான்.