பதினெட்டா, இருபத்தொன்றா?

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சொந்தக்கார வீட்டுக் கல்யாணம். பந்தி முடிந்து உட்கார்ந்திருந்தோம். கல்லூரியில் படிக்கும் என் தங்கை மகன் கேட்டான்: "பெரியம்மா, ஓட்டுப் போட 18 போதும்னு சட்டம் சொல்லுது. குடிக்க மட்டும் ஏன் 21? பாண்டிச்சேரியில 18 தானே?" "ஆம்பளைக்குக் கல்யாண வயசும் 21 தான்டா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் கேள்வி நியாயமான கேள்வி. சிரித்துக் கடந்துவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் நம் ஊர்க் கதை. ராஜாஜி 1937 அக்டோபர் 1-ல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். கள், சாராய வருமானம் போனதை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரி கொண்டுவந்தார். நடுவில் போர்க்காலத்தில் மதுவிலக்கு நின்று, 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுவதும் அமலானது. அடுத்த ஏப்ரலில் முதல்வர் ஆனவர் நம் ராஜபாளையத்துக்காரர், பி.எஸ்.குமாரசாமி ராஜா. தன் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர். 1952 தேர்தலில் இதே ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதியில் தோற்றுப்போனார். தோல்விக்குக் காரணம் மதுவிலக்கு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தேர்தல் வருகிறதே என்று அவர் கடையைத் திறக்கவில்லை.

1971 ஆகஸ்ட் 30-ல் மதுவிலக்கு தள்ளிவைக்கப்பட்டது. வேண்டாம் என்று தொண்ணூறு வயதைத் தாண்டிய ராஜாஜி, முதல்வர் கருணாநிதியின் வீடு தேடிப் போய்க் கேட்டுக்கொண்டார். அந்த 23 வருடத்தில் கள்ளச்சாராயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் கடை என்று ஒன்றைக் கண்ணால் பார்க்காமலே ஒரு தலைமுறை வளர்ந்திருந்தது. நான் அப்போது பள்ளிக்கூடச் சிறுமி. மில்லில் சம்பளம் போடும் நாளில் அப்பா வீடு வந்து சேரும்வரை அம்மா வாசலிலேயே நிற்கும் பழக்கம் அந்த வருடம்தான் எங்கள் தெருவில் தொடங்கியது. 1974-ல் மறுபடி மூடினார்கள். 1981-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மறுபடி திறந்தார்கள். 1983-ல் டாஸ்மாக் வந்தது. 2003 முதல் சில்லறை விற்பனையும் அரசின் கைக்கே வந்துவிட்டது. இன்று அதன் வருமானம் வருடத்துக்கு 45,000 கோடிக்கு மேல்.

கவனித்தீர்களா? திறப்பதும் மூடுவதும் நடந்தபோதெல்லாம் கஜானாவைப் பற்றித்தான் பெரிய பேச்சு. பிள்ளைகளின் வயதைப் பற்றி அவ்வளவு பேச்சு இல்லை.

இனி தங்கை மகன் கேட்டதற்கு வருகிறேன். ஓட்டு வயது 21-லிருந்து 18 ஆனது 1989-ல். அமெரிக்காவில் அது 1971-லேயே நடந்தது. "ஓட்டுக்கு 18 என்றால் குடிக்கவும் அதே வயதுதான்" என்று அங்கே பல மாநிலங்கள் குடிக்கும் வயதையும் குறைத்தன. சாலையில் இளம்பிள்ளைகள் சாவது கூடியது. 21-க்கு உயர்த்தாத மாநிலத்துக்கு நெடுஞ்சாலைப் பணத்தைக் குறைப்போம் என்று 1984-ல் சட்டம் போட்டார்கள். நான்கு வருடத்தில் எல்லா மாநிலமும் உயர்த்திவிட்டது. பக்கத்தில் கர்நாடகம் 2023-ல் 18 ஆக்க ஒரு வரைவு வெளியிட்டு, எதிர்ப்பு வந்ததும் திரும்பப் பெற்றது. கேரளம் 21-லிருந்து 23-க்கு உயர்த்தியது. குறைத்துப் பார்த்த அனுபவம் நம் முன்னாலேயே இருக்கிறது. ஓட்டுப் போட்டுவிட்டுப் பைக் ஓட்டினால் யாரும் சாவதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என்னிடம் படித்த ஒரு பையன். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். பத்தாவது முடித்து வேலைக்குப் போனான். 19 வயதில், குடித்துவிட்டு வண்டியில் வரும் வழியில் போய்ச் சேர்ந்தான். ஒன்றாம் வகுப்பில் சேரும்போது அவன் பிறந்த தேதியைச் சேர்க்கைப் பதிவேட்டில் எழுதியது நான்தான். துக்கம் கேட்கப் போனபோது அந்தத் தேதிதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. பாட்டிலை நீட்டிய கை அந்தத் தேதியை ஒருமுறை கேட்டிருந்தால்!

21 என்பது கடைப் பலகையில் இருக்கிறது. கவுன்டரில் இல்லை. இல்லாத ஒன்றைக் குறைப்பதா கூட்டுவதா என்று நாம் விவாதம் செய்துகொண்டிருக்கிறோம். நம் ஊரில் பிள்ளைகள் முதல் சம்பளம் வாங்குவது பதினெட்டுக்கும் இருபத்தொன்றுக்கும் நடுவில்தான். கையில் காசு வரும், கண்டிக்க ஆள் இருக்காது. அந்த மூன்று வருடத்துக்காவது காவல் வேண்டும். ஆகவே 21 அப்படியே இருக்கட்டும், ஆனால் நிஜமாக இருக்கட்டும்.

என்னிடம் படித்தவர்களில் டாஸ்மாக் கடையில் விற்பனையாளராக இருப்பவர்களும் உண்டு. இதை வாசிப்பீர்கள் என்று தெரியும். உங்கள் வேலையைக் குறை சொல்லவில்லை, குடும்பம் நடக்க வேண்டும். ஒன்றே ஒன்று கேட்கிறேன் தம்பிகளா. மீசை முளைக்காத முகம் முன்னால் நின்றால், "ஆதாரைக் காட்டு" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவனும் யாரோ ஒரு டீச்சர் பதிவேட்டில் பெயர் எழுதிச் சேர்த்த பிள்ளைதான்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்