மீன்குஞ்சு கையாளுதல்

வளர்ப்பு மீன்குஞ்சுகளை வலையில் பிடித்து, எண்ணி, பையில் அடைத்து, வேறு நீரில் விடும் வேலை. கல்லணையிலிருந்து வெண்ணாற்றிலும், 1934-இல் பாசனத்துக்கு வந்த கல்லணைக் கால்வாயிலும் தண்ணீர் பாய்ந்து பூதலூர் வட்டார ஏரி, குளங்கள் நிரம்பிய பிறகு கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகள் விடப்படுகின்றன. இவை காவிரியின் பூர்வீக மீன்கள் அல்ல. 1957 ஜூலை 10-இல் ஒடிசாவில் மீன் ஆய்வாளர் ஹீராலால் சௌத்ரி பிட்யூட்டரிச் சாற்றை ஊசியேற்றிக் கெண்டைகளை முட்டையிட வைத்த பிறகே ஆற்றை நம்பியிராமல் பண்ணையில் குஞ்சு பொரிக்க முடிந்தது.

வலை பட்டதும் குஞ்சின் உடலில் கார்டிசோல் என்னும் அழுத்த ஹார்மோன் சுரக்கிறது. செவுள் வழியே உப்பு வெளியேற, நீர் உள்ளே புகுகிறது. உடல் வழவழப்பு உரிந்த இடத்தில் பூஞ்சை பிடிக்கும். இதனால் பயணத்தைத் தாங்கிய குஞ்சுகூட இரண்டு மூன்று நாள் கழித்துச் சாகலாம். வாங்கியவர் குளத்துத் தண்ணீரைக் குறை சொல்வார்.

தடுக்கும் வழிகளில் முதன்மையானது பட்டினி போடுதல். ஏற்றுவதற்கு முன் ஏறத்தாழ ஒரு நாள் ஹாப்பா என்னும் வலைத்தொட்டிக்குள் இரையின்றி நெருக்கி வைப்பார்கள். வயிறு காலியானால் பையில் கழிவும் அம்மோனியாவும் குறையும்; நெரிசலும் பழகிவிடும். அவசரத்தில் முதலில் கைவிடப்படுவதும் இதுவே. அப்படிக் கைவிடுவது பெருந்தவறு. குஞ்சுகளை ஒவ்வொன்றாக எண்ணுவதில்லை. சிறு வலைக்கோப்பை ஒன்றில் எத்தனை என்று பார்த்துக்கொண்டு, பிறகு கோப்பைக் கணக்கில் அளப்பார்கள். கை படுவது குறைகிறது. பாலித்தீன் பையில் மூன்றில் ஒரு பங்கு நீர், மீதி ஆக்சிஜன். வங்காளத்தில் முன்பு மண்பானையில் சுமந்து, வழியெல்லாம் நீரை அலைத்துக்கொண்டே போவார்கள்.

நீரில் சிறிது கல்லுப்பு கரைப்பது நன்னீர் மீனின் உப்பிழப்பைக் குறைக்கும்.      

குளக்கரையில் பையை உடனே அவிழ்க்கக் கூடாது. கால் மணி நேரமாவது மிதக்கவிட்டு வெப்பம் சமமானதும், குளத்து நீரைச் சிறிது சிறிதாகக் கலந்து, வாயைச் சாய்த்தால் குஞ்சுகள் தாமே நீந்திப் போகும். காலை அல்லது மாலை நேரமே ஏற்றது. அடுத்த சில நாள் கரையோரம் நடந்து, செத்து மிதப்பவற்றைக் கழித்த பிறகே இருப்புக் கணக்கு எழுத வேண்டும்.