தேஜசின் பறப்புக் கட்டுப்பாட்டு அமைப்பு

தேஜஸ் இந்தியாவில் வடிவமைக்கப்பட்ட இலகுரகப் போர் விமானம் ஆகும். கிடைமட்ட வால் இறக்கை இல்லாத இவ்விமானம், விரைந்து திரும்புவதற்காக வேண்டுமென்றே நிலைப்புக் குறைவாக அமைக்கப்பட்டது. கணினி நொடிக்குப் பலமுறை திருத்தாவிட்டால் எந்த விமானியாலும் இதைக் கையாள இயலாது. கட்டுப்பாட்டு மென்பொருள் தவறினால் விமானமே தவறிவிடும்.

வேகம் இரு மடங்கானால், அதே உயரத்தில் காற்றின் இயங்கழுத்தம் நான்கு மடங்காகும். தரையிறங்கும்போது இறக்கை மடிப்பைப் பெரிதாகத் திருப்ப வேண்டும்; உயர்வேகத்தில் அதே அளவு திருப்பினால் விமானம் துள்ளி அலையும். எனவே விமானியின் கட்டளையை எத்தனை மடங்கு பெருக்குவது என்பதை வேகம், உயரம் வாரியாக முன்பே கணித்து அட்டவணையாக வைப்பர். இதுவே 'கெயின் ஷெட்யூலிங்'. பறக்கும்போதே தானாகப் பெருக்கத்தை மாற்றிக்கொள்ளும் முறையும் உண்டு. அமெரிக்காவின் எக்ஸ்-15 விமானத்தில் அது இருந்தது. 1967 நவம்பர் 15 அன்று, சுழற்சியிலிருந்து மீண்ட பின்னும் அவ்வமைப்பு பெருக்கத்தைக் குறைக்கவில்லை. அலைவு முற்றி விமானம் சிதறியது, விமானி மைக்கேல் ஆடம்ஸ் இறந்தார். பழைய அட்டவணை முறைக்கு மதிப்புக் குறையாததில் வியப்பில்லை.

ஆயினும் காற்றுவேக உணரி பொய் சொன்னால் அட்டவணையும் பொய்க்கும். இதற்காக எஃப்-16 விமானத்தில் மாறாத மாற்றுப் பெருக்கங்கள் வைக்கப்பட்டன. தேஜசின் எண்ணிம அமைப்பு நான்கு தடங்கள் கொண்டது. தடங்கள் தம்முள் ஒப்பிட்டு, மாறுபடும் ஒன்றை விலக்கிவிடும். ஊர்ப் பஞ்சாயத்து போலத்தான்.

இத்திட்டத்துக்கென வானூர்தி மேம்பாட்டு முகமை 1984இல் பெங்களூரில் தொடங்கப்பட்டது. 1992இல் தேசிய விண்வெளி ஆய்வகத்தின் தலைமையில் கட்டுப்பாட்டு விதிகளுக்கான தேசியக் குழு அமைந்தது. அக்குழு எழுதிய விதிகள் 1996 ஜூலையில் அமெரிக்காவில், பிற விமானங்களைப் போல நடந்துகொள்ளக்கூடிய ஓர் எஃப்-16இல் ஏற்றிப் பறந்து சோதிக்கப்பட்டன. 1998 மே மாதப் பொக்ரான் அணுச் சோதனைக்குப் பின் வந்த தடைகளால் லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனத்தின் ஒத்துழைப்பு நின்றது. மிச்சச் சரிபார்ப்பை இந்தியப் பொறியாளர்களே, தரையில் நிறுவிய 'அயர்ன் பேர்டு' சோதனை மாதிரியில் செய்து முடித்தனர். இரண்டரை ஆண்டுகளுக்குமேல் ஆயிற்று. தாமதத்தைக் கேலி செய்தவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

2001 ஜனவரி 4 அன்று விங் கமாண்டர் ராஜீவ் கோத்தியால் முதல் தேஜசைப் பெங்களூரில் பறக்கவிட்டு, பத்திரமாக இறக்கினார். 2016இல் உருவான முதல் தேஜஸ் படையணி 2018இல் கோயம்புத்தூர் அருகிலுள்ள சூலூருக்கு இடம்பெயர்ந்தது. இரண்டாம் அணியும் 2020 மே 27 அன்று அங்கேயே தொடங்கப்பட்டது.