ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆங்கிலப் பாடத்துக்குக் கிடைத்த துணைகள்

ஆங்கிலப் பாடம் படிக்க வெளித்துணை தேடுவது ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வட்டாரத்தில் மெட்ரிகுலேஷன் காலத்திலேயே தேவையாகிவிட்டது. மெட்ரிகுலேஷன் என்பது 1857இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வு. கல்லூரிப் படிப்புக்கும் சர்க்கார் உத்தியோகத்துக்கும் அதைத் தாண்டியே போக வேண்டும். ஆனால் பெரும்பாலான வீடுகளில் ஆங்கிலம் தெரிந்தவர் ஒருவரும் இருக்கவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் அப்போது திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். அந்த மாவட்டத்தின் கலெக்டராக இருந்த பென்னிங்டன் பெயரில் 1875இல் இங்கே பொது நூலகம் ஒன்று அமைந்தது. சென்னையில் கன்னிமாரா நூலகம் திறந்ததே 1896இல்தான். ஒரு கோயில் ஊருக்குப் பென்னிங்டன் நூலகம் பெரிய பேறு. பாடப்புத்தகத்துக்கு வெளியேயும் ஆங்கிலம் உண்டு என்பதை மாணவன் கண்ணால் பார்க்க முடிந்த இடம் அது.

தேர்வுக்கான துணைநூல்கள் பெரும்பாலும் வெளியூர்ச் சரக்கு. வட இந்தியாவில் பள்ளி ஆய்வாளராக இருந்த டெய்ட்டன், ஷேக்ஸ்பியர் நாடகங்களுக்கு எழுதிய குறிப்புரைகளை மாக்மில்லன் வெளியிட்டது. இலக்கணத்துக்கு நெஸ்ஃபீல்டின் நூல், 1930களில் ரென் அண்ட் மார்ட்டின் நூல். இவை அனைத்தும் ஆங்கிலத்தை ஆங்கிலத்தாலேயே விளக்கியவை. மற்ற பாடங்களையும் ஆங்கிலத்திலேயே படித்தவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

உயர்நிலைப் பள்ளிகளில் தமிழ்வழி பரவியபின் நிலைமை மாறியது. நாள் முழுவதும் தமிழில் படித்துவிட்டு ஒரே ஒரு பீரியடில் ஆங்கிலத்தைச் சந்திக்கும் மாணவனுக்குத் தமிழில் பொருள் சொல்லும் நோட்ஸ் தேவைப்பட்டது. தமிழ்ப் பாடத்துக்குக் கோனார் நோட்ஸ் செய்த வேலையை ஆங்கிலத்துக்கு வேறு பல பதிப்பகங்கள் செய்தன. அந்த நோட்ஸ்களில் கடினமான சொல், அதன் உச்சரிப்பு தமிழ் எழுத்தில், பக்கத்திலேயே பொருள் என்று வரிசையாக இருக்கும். பிறகு பாடச்சுருக்கம், கடைசியில் பாராகிராப், எஸ்ஸே விடைகள். டியூஷனிலும் இதே முறைதான்: ஆசிரியர் ஒரு வரி வாசித்துத் தமிழில் சொல்வார், பிள்ளைகள் விடையை உரக்க உருப்போட்டு, பார்க்காமல் எழுதிக் காட்டுவார்கள். நான்-டீடெய்ல் கதைகள் இந்த முறையில் அதிகம் நசுங்கின. கதையைப் படிக்காமலே கதைச்சுருக்கம் எழுதத் தெரிந்தவர்கள் உருவானார்கள். ஆனாலும் முதல் தலைமுறையாகப் படிக்க வந்த பிள்ளைகளை ஆங்கிலத்தில் ஃபெயிலாகிப் படிப்பை விடாமல் காத்தது இந்த முறைதான். அதை இகழ்வது நியாயமல்ல.

1978இல் மேல்நிலைக் கல்வி வந்தபின் மதிப்பெண் போட்டி கூடியது. ஸ்ரீவில்லிபுத்தூர் இப்போது அடங்கியிருக்கும், 1985இல் தனி மாவட்டமான விருதுநகர், பிளஸ் டூ தேர்ச்சி விகிதத்தில் பலமுறை மாநிலத்திலேயே முதலிடம் பிடித்தது. 2017, 2018 ஆண்டுகளிலும் அதுவே முதலிடம். மாலைநேரச் சிறப்பு வகுப்பும் மெல்லக் கற்போருக்கான கையேடும் பள்ளிகளின் வழக்கமாயின. ஒரே பாராகிராப்பில் பாடத்தின் பெயரை மட்டும் மாற்றிப் பல கேள்விகளுக்கு எழுதும் 'காமன் பாராகிராப்' இந்தக் கையேடுகளால் பரவியது. தேர்ச்சிக்கு அது உதவியது. மொழி அதனால் வரவில்லை.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பள்ளி ஆசிரியர்கள் தனியாக டியூஷன் எடுப்பதைத் தடை செய்கிறது. தேர்வும் மாறியது: 2018-19 கல்வியாண்டில் பிளஸ் டூ ஆங்கிலத்தின் இரண்டு தாள்கள் ஒன்றாயின. கொரோனா கால இழப்பை ஈடுகட்ட 2021இல் அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலர்கள் தெருவிலேயே மாலை வகுப்பு நடத்தினர். அது எட்டாம் வகுப்பு வரைக்கும்தான். பத்தாம் வகுப்புக்கும் பிளஸ் டூவுக்கும் இன்றும் கைடும் டியூஷனும்தான் துணை.