ஒதுக்குப்புறத்திலிருந்து முதல் ராங்க் வரை: தோல் மருத்துவத்தின் கதை

எம்.பி.பி.எஸ். முடித்து நீட் பி.ஜி. எழுதும் பிள்ளைகள் இன்று அடித்துப்பிடித்து வாங்கும் இடங்களில் ஒன்று தோல் மருத்துவம். கவுன்சலிங் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே அந்த இடங்கள் தீர்ந்துவிடுகின்றன. இரவில் அவசர அழைப்பு அதிகம் இல்லை, லேசர், முடி நடுதல் என்று வருமானமும் உண்டு. நம் வயதுக்காரர்களுக்கு இது வேடிக்கையாகத்தான் இருக்கும். நம் இளமையில் தோல் டாக்டர் வீட்டு வாசலில் நிற்கவே ஆட்கள் கூசினார்கள். தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால் என்ன நினைப்பார்களோ என்ற பயம்.

அந்தக் கூச்சத்தின் காரணம் படிப்பின் முழுப் பெயரிலேயே இருக்கிறது. எம்.டி., டி.வி.எல். என்பார்கள். டெர்மடாலஜி, வெனிரியாலஜி, லெப்ரஸி. அதாவது தோல் நோய், பால்வினை நோய், தொழுநோய். ஊர் ஒதுக்கிய நோயாளிகளைப் பார்க்கும் டாக்டரையும் ஊர் ஓரமாகத்தான் வைத்திருந்தது.

நம் நாட்டில் மட்டும் அப்படி இல்லை. நான் பிரெஞ்சு வழியில் படித்தவன், ஆகையால் பாரீஸ் கதை கொஞ்சம் தெரியும். அங்கே செயின்ட் லூயி மருத்துவமனையை நான்காம் ஹென்றி மன்னர் 1607-இல் கட்டத் தொடங்கியது கொள்ளை நோய்க்காக. அதனால் நகர மதிலுக்கு வெளியே கட்டினார்கள். 1801-இல் அதைத் தோல் நோய்களுக்கென்று ஒதுக்கினார்கள். அலிபேர் என்ற மருத்துவர் அங்கே இருந்துதான் தோல் நோய்களை வகை பிரித்து, மரம் கிளை விட்டதுபோல் படம் போட்டார். பிறகு அதே மருத்துவமனைக்கு, காகிதக் கூழில் பழங்கள் செய்து விற்ற பாரெத்தா என்ற கைவினைஞரை அழைத்துவந்து, நோயாளிகளின் தோலை மெழுகில் அச்செடுக்கச் சொன்னார்கள். நாலாயிரத்துக்கும் மேற்பட்ட அந்த மெழுகு அச்சுகள் இன்றும் இருக்கின்றன. முதல் உலகத் தோல் மருத்துவ மாநாடு 1889-இல் அங்கேதான் நடந்தது. மருத்துவமனைப் பயிற்சி இடத்துக்குப் போட்டித் தேர்வு வைக்கும் வழக்கமும் பாரீஸில் 1802-லேயே வந்துவிட்டது. 'கொங்கூர்' என்பார்கள். நீட் பி.ஜி. நமக்கு 2013-இல்தான் வந்தது.

நம் தமிழ்நாட்டுக் கதை செங்கல்பட்டில் தொடங்குகிறது. அங்கே திருமணி தொழுநோய் இல்லத்தில் டாக்டர் ராபர்ட் காக்ரேன் பணியாற்றினார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946-இல் வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்டை அவர் அந்த இல்லத்தைச் சுற்றிப் பார்க்க அழைத்துப்போனார். மடங்கிப்போன விரல்களோடு வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களை அதுவரை எலும்பு, மூட்டு மருத்துவர்கள் திரும்பிப் பார்த்ததில்லை. பிராண்ட் பார்த்தார். விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை, உணர்ச்சி செத்துப்போவதால் சூடும் காயமும் தெரியாமல்தான் அழிகின்றன என்று கண்டு சொன்னார். தசைநாரை இடம் மாற்றிப் பொருத்தி, மடங்கிய கைகளை மறுபடி வேலை செய்ய வைத்தார். 1955-இல் காட்பாடி அருகே கரிகிரி ஆராய்ச்சி மையம் வந்தது. அதே ஆண்டு திருமணி இல்லத்தை மத்திய அரசு எடுத்துக்கொண்டது.

டாப்சோன் மாத்திரையும், உலக சுகாதார நிறுவனம் 1981-இல் பரிந்துரைத்த கூட்டு மருந்து சிகிச்சையும் நோயின் முகத்தையே மாற்றிவிட்டன. 2005 டிசம்பரில், பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற அளவை இந்தியா எட்டியது. ஆனால் தொழுநோயாளிகளைப் பிடித்து அடைக்க வகைசெய்த 1898-ஆம் ஆண்டுச் சட்டம் புத்தகத்திலிருந்து நீங்கியது 2016-இல்தான். மருந்து வந்த வேகத்தில் மனசு மாறவில்லை.

இன்னொரு சம்பவம். 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நிர்மலா என்ற முதுநிலை மாணவி, பேராசிரியை சுனிதி சாலமன் வழிகாட்ட, பாலியல் தொழிலாளர்களின் ரத்தத்தைச் சேகரித்தார். எச்.ஐ.வி. இந்தியாவில் இருக்கிறது என்று முதன்முதலில் தெரிந்தது அதில்தான். யாரும் தொட விரும்பாத தலைப்பில் ஒரு மாணவி எழுதிய ஆய்வேடு, நாட்டையே விழிக்க வைத்தது.

பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இப்போதெல்லாம், "தாத்தா, தோல் எடுக்கட்டுமா?" என்று கேட்கிறார்கள். நான் டாக்டர் இல்லை, கோப்புகளோடு காலம் கழித்த குமாஸ்தா. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலாவது, விளக்கக் குறிப்பேட்டை வரி வரியாகப் படியுங்கள். இட ஒதுக்கீடும் விதிகளும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கு மாநிலங்கள் முதுநிலையில் தனி இடம் ஒதுக்கலாம் என்று, தமிழ்நாடு மருத்துவ அலுவலர் சங்கம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2020 ஆகஸ்ட் 31-இல் தீர்ப்பளித்தது. ஆரம்ப சுகாதார நிலைய வேலையை வீண் என்று நினைக்காதீர்கள்.

இரண்டாவது, லேசரை மட்டும் நினைத்துப் போகாதீர்கள். குற்றாலத்தில் சாரல் விழும் மாதங்களில் ஈரத்துணியும் அடுத்தவர் துண்டுமாகத் திரிந்துவிட்டுப் படர்தாமரையோடு ஊர் திரும்புகிறவர்கள் எத்தனை பேர்! நேரே மெடிக்கலுக்குப் போய் ஒரு களிம்பு கேட்பார்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் அரிப்பு அடங்கும், படை உள்ளுக்குள்ளே பரவும். 2018-இல் மத்திய அரசு இப்படிப்பட்ட 14 ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. இருந்தும் தாராளமாகக் கிடைக்கத்தான் செய்கின்றன.

மூன்றாவது, அந்த கடைசி எழுத்தான 'எல்'. உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படும் தொழுநோயாளிகளில் பாதிக்கு மேல் நம் நாட்டில்தான் இருக்கிறார்கள். உணர்ச்சியில்லாத ஒரு வெளிறிய தேமலை ஆரம்பத்திலேயே பார்த்துச் சொல்ல ஒரு டாக்டர் இருந்தால், ஒரு மனிதனின் பத்து விரல்களும் தப்பும். மருந்து அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்.

ராங்க் வாங்கி அந்த இடத்தைப் பிடியுங்கள், சந்தோஷம். படித்து முடித்ததும் நம் தென்காசிப் பக்கமும் வந்து உட்காருங்கள். வீட்டில் யாருக்காவது அப்படி ஒரு தேமல் இருந்தால், வாசகர்களே, கூச்சப்படாமல் நாளைக்கே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.