வாசலில் கிடக்கும் விரிப்புக்கு எத்தனை பேர்

நம்ம கூட்டமைப்புப் பெண்கள் பனியன் வேஸ்ட் துணியில் போடும் சின்ன விரிப்புக்கு விலைச்சீட்டு அச்சடிக்க வேண்டியிருந்தது. சீட்டில் என்ன பேர் எழுதுவது என்று கேட்டதும் கூட்டம் நாலாகப் பிரிந்துவிட்டது. ஒருத்தர் ‘கால்மிதி’ன்னு போடுங்க என்றார். ‘மேட்டு’ன்னாத்தான் டவுன்காரங்களுக்குப் புரியும் என்றார் இன்னொருத்தர். ‘மிதியடி’ என்றது ஒரு குரல். பின்னாடி இருந்து ஒரு அக்கா, “ஜமக்காளம்னு போடுங்க கண்ணு, அப்பத்தான் வெலை நிக்கும்” என்றார். அன்றைக்கு முடிவு ஆகவில்லை. மலருக்கு வரலாறு எழுதித்தரச் சொன்னபோது இதையே எழுதலாம் என்று எனக்குத் தோன்றியது.

மிதியடி என்பது முதலில் விரிப்பே இல்லை. காலில் போடுகிற செருப்புக்கும் பாதக்கட்டைக்கும் பெயர் அது. காலோடு போனது எப்படியோ வாசலோடு தங்கிவிட்டது. கம்பளம் ஆட்டு மயிரில் செய்தது. கம்பளி என்ற சொல் அதற்கு ஒட்டு உறவு. பல நிறம் போட்டு நெய்த கம்பளத்துக்கு ரத்தினக் கம்பளம் என்று பேர். இன்றைக்குப் பத்திரிகையில் பெரிய மனிதர்களுக்குச் சிவப்புக் கம்பளம் விரிக்கிறார்கள். நம்ம வீட்டுப் பிள்ளைகளுக்கு விரித்தது ஓலைத் தடுக்குத்தான். தடுக்கு என்றால் ஓர் ஆள் உட்காருகிற அளவு, சின்னது. அந்தச் சொல் இப்போது பாதிப் பேருக்குத் தெரியாது. பிளாஸ்டிக் பாய் வந்ததும் பொருள் போச்சு, பின்னாலேயே பேரும் போச்சு.

ஜமக்காளம் உருது வழியாக வந்த சொல் என்பார்கள். கன்னடத்தில் ஜமகானா என்கிறார்கள். நம்ம பக்கத்தில் அந்தச் சொல்லைச் சொன்னாலே பவானிதான் நினைவுக்கு வரும். காவிரியும் பவானியும் கூடுகிற அந்த ஊரில், 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரன் ஆலைத்துணி வந்து குவிந்து கைத்தறிக்கு வேலை இல்லாமல் போனது. அப்போது ஜங்கமர் என்ற நெசவாளர்கள் முரட்டுப் பருத்தி நூலுக்குச் சாயம் ஏற்றி, குழித்தறியில் பட்டை பட்டையாக விரிப்பு நெய்தார்கள். பட்டைக் கோடு மட்டும் ஏன் என்று கேட்டால், நூல் தடிமன். அதில் பூவும் மயிலும் எடுக்க முடியாது; நிறத்தைத்தான் அடுக்க முடியும். பிறகு பட்டு நூல் சேர்த்து, மெதுவாக, கரையில் பூ வைத்தும் நெய்தார்கள். ஆனாலும் கல்யாணத்துக்கும் பஞ்சாயத்துக்கும் துக்க வீட்டுக்கும் வந்து விரிந்தது அந்தக் கோடு போட்டதுதான். நம்ம குழுக் கூட்டத்துக்கு வாங்கிய முதல் சாமான் நோட்டும் தகரப்பெட்டியும் ஜமக்காளமும் என்று பழைய வரவு செலவு நோட்டுகளில் இருக்கிறது.

என் அம்மிச்சி தறிக்காரர் வீட்டில் வாழ்ந்தவர். விடியறதுக்கு முன்னாடி ராட்டையில் உட்கார்ந்து தார் சுற்றுவார். தார் என்பது ஊடை நூல் சுற்றிய குச்சி, நாடாவுக்குள் போவது. தார் இல்லாவிட்டால் தறி நிற்கும். சிக்கு எடுப்பது, பாவு பிணைப்பது, அறுந்த இழையை முடிவது எல்லாம் அவர் கையில். கூலி மட்டும் உருப்படிக் கணக்கில், தறியில் உட்கார்ந்தவர் பேரில் வரும். “நெய்யறது உங்க அப்பாரு, நான் சும்மா கூடமாட இருப்பேன்” என்பார். எண்பது வயசு வரைக்கும் அவர் தன்னை நெசவாளி என்று சொன்னதே இல்லை. நான் கேட்டபோதும் சிரித்தார்.

எல்லா இடத்திலும் இப்படி இல்லை. கர்நாடகத்தில் தார்வாட் மாவட்டம் நவல்குந்த் என்ற ஊரிலும் ஜமகானா நெய்கிறார்கள். அங்கே தறியில் உட்காருவது பெண்கள்தான். பிஜப்பூரிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களில் தலைமுறையாக அம்மா மகளுக்குச் சொல்லிக் கொடுத்த வேலை. அவர்கள் நெய்வதில் தாயக்கட்டம் மாதிரிக் கட்டமும் மயிலும் வரும். பொருளுக்குப் பேர் ஏறக்குறைய ஒன்று. யாருடைய வேலை என்பதில்தான் வேறுபாடு. இது எனக்குத் தெரியவந்தபோது அம்மிச்சி இல்லை.

பவானி ஜமக்காளத்துக்கு 2005-06-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு முன்பே, 1985-ல் வந்த கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் ஜமக்காளத்தைக் கைத்தறிக்கு என்று ஒதுக்கியது. முதலில் 22 ரகம் இருந்த அந்தப் பட்டியல் பின்னால் 11 ஆனது. அதிலும் ஜமக்காளம் நின்றது. சட்டம் இருந்தும் விசைத்தறியில் ஓட்டிய மலிவுச் சரக்கு அதே பேரில் கடைக்கு வந்தது என்பது தறிக்காரர் வீடுகளில் ஓயாத புலம்பல். பேரை எடுத்துக்கொண்டவன் வயிற்றையும் எடுத்துக்கொண்டான் என்று ஒரு பெரியவர் எங்கள் திண்ணையில் சொன்னது நினைவிருக்கிறது.

அதனால்தான் அந்த அக்கா சொன்னதற்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை. நாம் செய்வது மரச்சட்டத்தில் பாவு கட்டி, பனியன் கம்பெனி கழித்த துணியை நாடாவாகக் கிழித்து ஊடையாகப் போடுவது. நல்ல பொருள். தண்ணியை உறிஞ்சும், துவைத்தால் கெடாது, வழுக்காது. ஆனால் அது ஜமக்காளம் இல்லை. அந்தப் பேரை நாம் போட்டால் நம்ம மாதிரி இன்னொரு வீட்டுச் சோற்றில் கைவைக்கிறோம். இதைச் சொன்னதும் அக்காவுக்குக் கோபம்தான். “அப்ப நம்ம சோறு?” என்று கேட்டார். அந்தக் கேள்வியும் சரிதான். கால்மிதி என்று எழுதினால் கேட்கிறவர் விலையைக் குறைத்துத்தான் கேட்பார். கண்காட்சியில் பார்த்திருக்கிறோம்.

அடுத்த கூட்டத்தில் இன்னொரு விஷயம் கிளம்பியது. கூலிச்சீட்டில் சட்டத்தில் நெய்கிறவர் பேர் மட்டும் இருக்கிறதே, துணி தரம் பிரித்து நாடா கிழித்துக் கொடுப்பவர் பேர் எங்கே என்று ஒரு பெண் கேட்டார். நாங்களே எழுதிய சீட்டு அது. அம்மிச்சி ராட்டைதான் எனக்கு ஞாபகம் வந்தது. அந்த மாசத்திலிருந்து இரண்டு பேருக்கும் தனித்தனியாகக் கணக்கு எழுதுகிறோம்.

விலைச்சீட்டில் ‘கைநெசவுக் கால்மிதி’ என்று அச்சாகியிருக்கிறது. பின்பக்கம் இரண்டு கோடு விட்டிருக்கிறோம்: நெய்தவர், நாடா கிழித்தவர். பேனாவால்தான் எழுதுகிறோம். அந்த அக்கா தன் பேரை முதல்முறை எழுதியபோது இன்ஷியலையும் சேர்த்து எழுதினார், கோட்டுக்குள் அடங்கவில்லை.