பொருளாதார அறிஞர் அம்பேத்கர்

அரசியல் சட்டம் வகுத்த மேதை என்றே அண்ணல் அம்பேத்கரை நம் இளைஞர் அறிவர். சட்ட அறிஞராகும் முன்னரே அவர் பொருளாதாரப் பேராசிரியராய் விளங்கினார் என்பதைப் பலர் நினைப்பதில்லை.

1891 ஏப்ரல் 14 ஆம் நாள் இராம்ஜி - பீமாபாய் இணையரின் பதினான்காம் மகவாகப் பிறந்த அவர், இளமையிலேயே அன்னையை இழந்தார். பள்ளியில், வீட்டிலிருந்து கொண்டுபோன சாக்குத் துணியே அவருக்கு இருக்கை. குழாயைத் திறந்துவிடச் சேவகன் வாராத நாளில் தாகமே துணை. 1901 இல் தந்தையைக் காணச் சென்றபோது, சாதியறிந்த வண்டிக்காரர் எவரும் வண்டியோட்ட இசையவில்லை. இருமடங்கு கூலி தந்து, சிறுவர்களே வண்டியை ஓட்டிச் சென்றனர்.

அச்சிறுவரே 1912 இல் பொருளாதாரமும் அரசியலும் பயின்று பம்பாயில் பட்டம் பெற்றார். பரோடா மன்னர் சாயாஜிராவின் உதவித்தொகையால் 1913 இல் அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகம் புகுந்து, 1915 இல் எம்.ஏ. பட்டம் எய்தினார். 1916 இல் இலண்டனில் தொடங்கிய ஆய்வு, உதவித்தொகை முடிந்தமையால் இடையில் நின்றது. 1918 இல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார். ஆங்கும் ஆசிரியர்க்குரிய தண்ணீர்க் குடத்தை அவர் தொடலாகாதெனத் தடுத்தனர்! கல்வியால் உயர்ந்தவரையும் சாதி விடவில்லை. அவரும் கல்வியை விடவில்லை. தம் சேமிப்பும், கோலாப்பூர் சாகு மகாராசரின் உதவியும், நண்பர் தந்த கடனும் கொண்டு 1920 இல் மீண்டும் இலண்டன் சென்று, 1923 இல் டி.எஸ்சி. பட்டம் பெற்றார்.

‘ரூபாயின் பிரச்சினை’ என்பது அவ்வாய்வு நூல். விலை ஏறும் வேகத்தில் கூலி ஏறுவதில்லை. ஆதலின் நாணய மதிப்பு வீழ்ந்தால் முதலாளிக்கு ஆதாயம், உழைப்பாளிக்கு நட்டம் என்று அவர் காட்டினார். சிறு நிலங்கள் பற்றிய 1918 ஆம் ஆண்டுக் கட்டுரையில், வேலையின்றி நிலத்தில் தேங்கிய உழைப்புக்குத் தொழில் வளர்ச்சியே தீர்வு என்றார். திருவில்லிபுத்தூர் வயலிலும் இராசபாளையம் பஞ்சாலையிலும் உழைத்துக் கூலி பெறும் நம் மக்களுக்கு இவை ஏட்டுச் செய்திகள் அல்ல; அன்றாட வாழ்க்கை.

இளைஞர்களே! அண்ணலின் அறிவும் உழைப்பும் அவருடையவை. எனினும் அவர் இருமுறை கடல் கடக்கப் பிறர் கையும் வேண்டியிருந்தது. கட்டணமின்றிப் படிப்பை நிறுத்தும் ஒரு பிள்ளை நம் தெருவில் இருக்கும்வரை நம் கழகத்தின் பணி முடிவதில்லை. படித்து உயர்ந்தோர் அடுத்தவரைப் படிக்க வைப்பதே இவ்வெள்ளி விழாவின் பொருள்.